'ஸ்லோ' செய்த குற்றம்

சாலையோரப் பலகையில் 'டிரைவ் ஸ்லோ' என்று கண்டதும், "'ஸ்லோலி' என்றல்லவா இருக்கவேண்டும்!" என்று சீறும் இலக்கணப் புலிகள் நம்மிடையே அநேகர். பாவம், அந்தப் பலகை என்ன குற்றம் செய்தது? பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் வாலில் ஓர் 'எ' ஓசை ஒட்டினாலே பெரும்பாலும் வினையடை ஆகிவிடும். நாளடைவில் அந்த வால் தேய்ந்து உதிர்ந்தது. இரண்டும் ஒரே உருவாயின. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' எல்லாம் அந்த வம்சந்தான். 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தம் இலக்கண நூலில், பெயரடையை வினையடையாக வழங்குவது தகாது என்று தீர்ப்பெழுதினார். அன்று பிடித்தது சனி! 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்பதில் 'லி' சேர்த்து 'ஹார்ட்லி' என்று திருத்திப் பாருங்கள். நல்ல உழைப்பாளி அந்தக் கணமே சோம்பேறியாகிவிடுவான். 'லி' இல்லாமல் வினையடையே இல்லை என்று சாதிக்கும் பண்டிதர், தம் காரைக் கொஞ்சம் 'ஃபாஸ்ட்லி' ஓட்டிக் காட்டட்டுமே!