விலங்குச் சோதனைகளில் ஒருசார்பை அனுமதி நிலையிலேயே தடுக்கக் கோரும் மனு

பெறுநர்: உறுப்பினர் செயலர், விலங்குச் சோதனைகள் கட்டுப்பாடு மற்றும் மேற்பார்வைக் குழு, புது தில்லி.

அனுப்புநர்: மருந்தியல் முதுநிலை மாணவர்கள் மற்றும் ஆய்வாளர்கள் சங்கத்தின் செயற்குழு.

பெருமதிப்பிற்குரியீர்,

மருந்து கொடுத்த எலியின் பாதத்தில் வீக்கம் உண்டாக்கும் கராஜினனைச் செலுத்தி, அந்த வீக்கத்தைப் பாதத்தின் கனஅளவை அளக்கும் பிளெதிஸ்மோமீட்டரில் அளப்பது எங்கள் ஆய்வகங்களில் வழக்கமான வேலை. கணுக்காலில் மையால் இட்ட கோடு வரை பாதத்தை அமிழ்த்த வேண்டும். எந்த எலிக்கு மருந்து போயிருக்கிறது என்று அளப்பவருக்குத் தெரிந்துவிட்டால், கோடு நனையும் முன்பே கை நின்றுவிடும். அவர் மோசடிக்காரர் அல்லர். ஆனால் முடிவு சாய்ந்துவிடுகிறது. கூண்டுக்குள் கைவிட்டதும் முதலில் அகப்படும் மந்தமான எலிகள் ஒரே குழுவில் சேர்வதும் இப்படித்தான்.

கில்கென்னியும் உடனாய்வாளர்களும் 2009-இல் 271 விலங்கு ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்தபோது, 87 சதவீதத்தில் குலுக்கல் முறைப் பிரிப்பு பற்றியும், 86 சதவீதத்தில் எந்த விலங்குக்கு மருந்து போனது என்பதை அளப்பவரிடமிருந்து மறைக்கும் முறை பற்றியும் பேச்சே இல்லை. 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான ‘அரைவ்’ வழிகாட்டுதல்கள் இக்குறைக்காகவே வந்தவை. ஆனால் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் நாளில்தான் அவற்றைப் பலரும் புரட்டுகிறார்கள். அதற்குள் எலிகளும் இருக்காது, திருத்திக்கொள்ள வழியும் இருக்காது.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை, விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவம் ‘பி’ பற்றியது. விலங்குகளை எம்முறையில் பிரிப்பது, மருந்துக் குறியீடு யார் கைவசம் இருக்கும், அளப்பவர் யார், எந்த அளவீட்டை வைத்து முடிவு சொல்லப்படும், எக்காரணத்தால் ஒரு விலங்கைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்பவற்றுக்கு அதில் தனி இடங்கள் வேண்டும். அவற்றை நிரப்பாத விண்ணப்பத்தை நிறுவன நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சோதனைப் பிரிவுக்கும் ஆறு எலி ஏன் என்று கேட்டால், ‘போன ஆய்வேட்டிலும் ஆறுதான்’ என்பது விடையாகாது. புள்ளியியல் அறிந்த ஒருவர் அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். படிவம் நீள்கிறதே என்ற முணுமுணுப்பு முதலில் எங்களிடமிருந்தே வரும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்தது, வெளிவராத முடிவுகள். பக்கவாத விலங்கு ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, 525 வெளியீடுகளில் பத்து மட்டுமே பலனின்மையைத் தெரிவித்திருந்தன. எல்லா மருந்தும் எலியிடம் பலிக்கிறது என்றால் நம்புவதற்கில்லை. ஜெர்மனியில் 2019-இல் தொடங்கியது போன்ற விலங்கு ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்யும் பொதுப் பதிவேடு ஒன்றை இங்கும் ஏற்படுத்துங்கள். மருந்து பலிக்கவில்லை என்ற காரணத்துக்காக ஆய்வேட்டைத் தள்ளலாகாது எனப் பல்கலைக்கழகங்களுக்கும் பரிந்துரையுங்கள்.

திருத்திய படிவத்தைச் சில கல்லூரிகளில் சோதனை முறையில் நிரப்பித் தர எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர். நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

இணைப்பு: படிவம் ‘பி’ திருத்த வரைவு, இம்மனுவின் ஆங்கில வடிவம்.