கணக்கில் வராத ஆட்குறைப்பு

மொழியியல் படித்தவர்க்கு வேலை எங்கே என்ற கேள்வி துறைக் கருத்தரங்குகளின் கடைசி அமர்வில் தவறாமல் எழுகிறது. அண்மைக் காலமாக அதற்குச் சொல்லப்படும் விடைகளுள் ஒன்று, அயல்நாட்டுத் திரைப்படைப்புகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் தொழில். அதற்கு முதலில் காட்டப்படும் சான்று ஜப்பானிய அனிமே. விடை தவறன்று. ஆயினும், பொருளாதார மந்தநிலை வரும்போது அந்தத் தொழில் யாரை முதலில் கைவிடுகிறது என்பதைப் பாராமல் மாணவரை அத்திசையில் அனுப்புவது பொறுப்பான அறிவுரை ஆகாது.

சந்தை வளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் அனிமே சந்தையின் மொத்த மதிப்பு சுமார் 3.35 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கும் மேல் ஜப்பானுக்கு வெளியிலிருந்து வந்தது. 2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ இந்தியத் திரையரங்குகளில் ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து மொழிகளில் வெளியானது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதைக் கற்பனை செய்வதும் கடினம். வளரும் சந்தையில் ஆட்குறைப்பு ஏன் வரப்போகிறது என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை அமெரிக்க அனிமே விநியோகத்தின் 2006 முதல் 2012 வரையான வரலாற்றில் இருக்கிறது.

அந்நாட்களில் அனிமே அங்கே பெரும்பாலும் டிவிடி வட்டுகளாக விற்றது. ஜப்பானிய உரிமையாளருக்கு முன்பணமாகப் பெருந்தொகை கொடுத்து உரிமம் வாங்கவேண்டும். மொழிபெயர்ப்புக்கும் குரல்பதிவுக்கும் செலவிடவேண்டும். வட்டுகள் கடைகளில் விற்ற பிறகே பணம் திரும்பும். 2006 ஜனவரியில் சன்கோஸ்ட் கடைகளின் உரிமையாளரான மியூசிக்லேண்ட் திவாலானபோது இந்தச் சங்கிலி அறுபடத் தொடங்கியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மீடியா அதே ஆண்டில் ஊழியர்களைக் குறைத்தது. 2009 ஏப்ரலில் திவாலாகி மறைந்தது. ஜெனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 2007 செப்டம்பரில் தன் விநியோகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஹூஸ்டனின் ஏடிவி ஃபிலிம்ஸ் 2009இல் தன் சொத்துகளை வேறு நிறுவனங்களுக்கு விற்றது. பண்டாய் என்டர்டெயின்மென்ட் 2012 தொடக்கத்தில் புதிய வெளியீடுகளைக் கைவிட்டது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி, ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த கட்டடத்தின்மேல் விழுந்த பாரம்.

இத்தனை நிறுவனங்கள் சரிந்த காலத்தில் பார்வையாளர் குறையவில்லை என்பதே இங்குக் கவனிக்கவேண்டியது. அவர்கள் கடையைவிட்டு இணையத்திற்குச் சென்றார்கள். அங்கே இரசிகர்கள் ஊதியமின்றி எழுதிய சப்டைட்டில்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. 2006இல் தொடங்கிய கிரஞ்சிரோல், இரசிகர்கள் உரிமமின்றிப் பதிவேற்றிய படைப்புகளைத் தாங்கிய தளமாகவே முதலில் இயங்கி, 2009இல்தான் உரிமம் பெற்ற விநியோகத்திற்கு மாறியது. ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இழந்த இடத்தை ஊதியம் பெறாத மொழிபெயர்ப்பாளர் நிரப்பினார். அவர் திரட்டிய பார்வையாளர்மீது அடுத்த தலைமுறை வணிகம் எழுந்தது.

விலைகளைப் பார்த்தால் இது விளங்கும். ஃபனிமேஷன் நிறுவனத்தை 2005இல் சுமார் 10 கோடி டாலர் ரொக்கமும் பங்குகளும் கொடுத்து வாங்கிய நவார், 2011இல் அதை 2.4 கோடி டாலருக்கு விற்றது. 2017இல் சோனி அதன் 95 விழுக்காட்டுப் பங்கை 14.3 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் அதே சோனி, ஃபனிமேஷன் வழியாகக் கிரஞ்சிரோலை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. மந்தநிலையில் முதலீடு சரிந்தது, பிறகு மீண்டது. அந்த ஆண்டுகளில் தொழிலைவிட்டு விலகிய மொழிபெயர்ப்பாளருக்கும் வசன எழுத்தாளருக்கும் அப்படி ஒரு மீட்சி கிடைத்ததாக எந்தக் கணக்கேடும் காட்டாது. அவர்களுள் பலர் படைப்புக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்கள். ஊழியர் பட்டியலில் இல்லாதவரை யாரும் ‘நீக்க’ வேண்டியதில்லை. அடுத்த மின்னஞ்சல் வராது, அவ்வளவுதான்.

வேலை நீக்கத்தைக் குறிக்கும் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க வழக்கைப் பின்பற்றி இன்று செய்தித்தாள்கள் எல்லாப் பணிநீக்கத்தையும் ‘லே-ஆஃப்’ என்கின்றன. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் என்பது மூலப்பொருள், மின்சாரம் போன்றவற்றின் குறைவால் தற்காலிகமாக வேலை தர இயலாத நிலை. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். நிரந்தரமாக வெளியேற்றுவது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. மலையாளத்தில் இதற்கு வழங்கும் சொல் ‘பிரிச்சுவிடல்’. தமிழ்க் காதுக்கு அது சேர்ந்திருந்தவரைப் பிரிப்பதாக ஒலிக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் சேர்க்கப்படாதவரை எந்தச் சொல்லால் பிரிப்பது? 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் சுமார் 3,000 பேர் வேலையிழந்தது செய்தியாயிற்று. பதிவேட்டில் இருந்ததால் அவர்களுக்கு ஓர் எண்ணிக்கையாவது இருந்தது.

இழப்பு கூலியோடு முடிவதில்லை; அறிவும் போகிறது. இந்திய மொழி டப்பிங்கில் ஜப்பானியப் படைப்பு ஆங்கிலத்தின் வழியாக வருவது பரவலான வழக்கம். ஜப்பானியத்தில் அனி, அனெ, ஒதோதொ, இமோதொ என நான்கு உடன்பிறப்புப் பெயர்கள் உள்ளன. தமிழில் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. மலையாளத்தில் சேட்டன், சேச்சி, அனியன், அனியத்தி. மூத்தவர் இளையவர் என்ற வேறுபாட்டை மூன்று மொழிகளும் ஒரே வகையில் பகுக்கின்றன. இடையில் நிற்கும் ஆங்கிலம் நான்கையும் இரண்டாகச் சுருக்கிவிடுகிறது. ‘பிரதர்’ என்று வந்ததை அண்ணன் எனக் கொள்வதா, தம்பி எனக் கொள்வதா? ‘யூ’ என்று வந்தது நீயா, நீங்களா? கதையைப் பின்தொடர்ந்து, பாத்திரங்களின் வயதையும் உறவையும் கண்டறிந்து, ஆங்கிலம் விழுங்கியதை மீட்பவர் மொழிபெயர்ப்பாளர். நூறு அத்தியாயம் செய்தவருக்கு இது பழகிய அறிவு. அவரை விட்டுவிட்டுக் குறைந்த கூலிக்கு வேறொருவரை அமர்த்தினால், நாற்பதாம் அத்தியாயம்வரை ‘நீங்கள்’ என்ற மாணவன் நாற்பத்தொன்றில் ஆசிரியரை ‘நீ’ என்பான்.

திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கும்போது இதில் ஒரு கசப்பு கூடுகிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம், வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய மொழியியல் துறையும் தமிழ்த்துறையும் அங்கே உள்ளன. பக்கத்திலேயே 1990இல் தொடங்கிய டெக்னோபார்க். அதில் 1999 முதல் இயங்கும் டூன்ஸ், தெனாலிராமன் கதைகளை அசைபடத் தொடராக்கிய நிறுவனம். வரைபவரும் மொழியை ஆராய்பவரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். ஆயினும் இந்த ஊரின் முதன்மை மொழி, மேலே சொன்ன ஐந்து மொழிப் பட்டியலில் இல்லை. மலையாள இரசிகருக்கு அயல்படைப்புகளைக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு, 2012 முதல் ஆயிரக்கணக்கான படைப்புகளுக்கு மலையாள சப்டைட்டில் எழுதிவரும் எம்சோன் தன்னார்வலருடையது. அவர்களுடைய உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு மொழிச் சமூகத்தின் தேவையைத் தன்னார்வமே நிறைவேற்றிவிடும்போது, அந்தத் தேவைக்குக் கூலி கொடுக்கவேண்டிய அவசியம் வணிகத்திற்கு எழுவதில்லை. அமெரிக்காவில் 2009க்கு முன் நிகழ்ந்தது இதுவே.

தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. வாங்குவோர் பலராக இருந்த சந்தை ஒருசிலராகச் சுருங்கியிருக்கிறது. சோனி 2004இல் இந்தியாவில் தொடங்கிய அனிமேக்ஸ் அலைவரிசை 2017இல் தொலைக்காட்சியிலிருந்து விலகியது. பெரிய விநியோகத் தளம் ஒன்று ஒரு காலாண்டில் தமிழ் டப்பிங் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்தத் தமிழ்க் குழுவுக்கு மாற்று வாயில் அரிது. அதோடு இயந்திர மொழிபெயர்ப்பின் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் கிரஞ்சிரோலில் ஒரு தொடரின் ஜெர்மன் சப்டைட்டிலில் சாட்ஜிபிடியின் பெயரே எஞ்சி நின்றதை இரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியிடும்முன் ஒரு மனிதர் முழுமையாகப் படித்திருந்தால் அந்த வரி திரைக்கு வந்திராது. சிக்கனம் எந்த நாற்காலியைக் காலியாக்கியது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. உரிமக் கட்டணம் உயர்ந்தது. இந்தியச் சந்தாத் தொகை மிகக் குறைவு. ஒவ்வொரு கூடுதல் மொழியும் ஒரு முதலீட்டு இடர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இடரைப் பகிர்வதில் ஒரு முறை வேண்டும். உரிமையாளரின் முன்பணம் ஒப்பந்தத்தால் காக்கப்படுகிறது. மொழியைத் தருபவருக்கும் எளிய பாதுகாப்புகள் சில போதும்: பாதியில் நிறுத்தப்படும் தொடருக்கு இழப்பீடு, படைப்பின் இறுதியில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், அவர் உருவாக்கிய சொற்பட்டியலின்மீது உரிமை. கேரள அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் தருவோருக்கு இடமுண்டு. சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கமும் உண்டு. குரலுக்குக் கிடைத்த அந்த அங்கீகாரம், அக்குரல் பேசும் சொற்களை எழுதியவருக்கும் நீளவேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானியத்திலிருந்து நேராகத் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பெயர்க்கும் பயிற்சியைக் காரியவட்டம் போன்ற வளாகங்கள் தொடங்கலாம். கேரள அரசு 2024இல் தொடங்கிய சிஸ்பேஸ் ஓடிடி தளம், பயிற்சி பெற்றவருக்குக் கூலியுடன் கூடிய முதல் வேலையைத் தரலாம். ஒப்பந்தத்தைப் படிப்பதும் பேரம் பேசுவதும் அந்தப் பயிற்சியின் பாடமாகவே இருக்கவேண்டும். அடுத்த மந்தநிலை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அது வரும்போது மொழிபெயர்ப்பாளர்கள் வேலையிழக்கவும் கூடும். குறைந்தது, இத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் நிலையாவது அதற்குள் உருவாகியிருக்கவேண்டும்.