கூப்பன் கோடு யாருடையது?

தலைநகர்த் தமிழர்களுக்குச் சலுகைப் பொருள் ஒன்றும் புதிதல்ல. ராணுவக் கேன்டீனில் வாங்கிய ஒரு சாமானாவது இல்லாத தமிழ் வீட்டை ஆர்.கே. புரத்திலோ ஜனக்புரியிலோ தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வீட்டில் ராணுவத்தார் யாரும் இருக்க மாட்டார்கள். மாடி வீட்டு சுபேதாரின் கார்டு இருக்கும், அவ்வளவுதான்!

இப்போது அந்தக் கார்டின் இடத்தைக் கைபேசியில் வரும் கூப்பன் கோடு பிடித்துக்கொண்டது. நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், நவராத்திரி அழைப்புக்கும் இரங்கல் செய்திக்கும் நடுவே, "இந்தக் கோடைப் போட்டு வாங்குங்கள், முப்பது சதவீதம் தள்ளுபடி" என்ற செய்தி வராத வாரம் இல்லை. இது எங்கள் ஊழியருக்கு மட்டும், பிறருக்குத் தரலாகாது என்று கடைக்காரர் நிபந்தனையில் எழுதியிருப்பார். அதை யார் படிக்கிறார்கள்?

இது சரியா, தவறா என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "நிபந்தனை என்றால் நிபந்தனைதான், மீறினால் திருட்டு" என்பது ஒன்று. "கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு நம் முந்நூறு ரூபாயில் என்ன குறைந்துவிடும்?" என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

முதலாவது கட்சிக்கு என் பதில் இது. நிபந்தனை ஒன்றும் வேதவாக்கு அல்ல. ஒரு தரப்பு எழுதி வைத்ததை மறு தரப்பு படிக்காமலே "சம்மதம்" என்று தொட்டுவிட்டு நகர்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு என ஏற்று, அதற்கு விளக்கமும் தருகிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை மடக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. "இன்னும் இரண்டே பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேட்காததைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அதில் அடக்கம். எம்.ஆர்.பி.யைத் தாராளமாக அச்சடித்துவிட்டு அப்புறம் "பாதி விலை" என்று முழங்குவதையும் நாம் காணாததல்ல. இப்படிப்பட்ட வணிகர்கள் நமக்கு நேர்மைப் பாடம் நடத்தினால் சிரிப்புத்தான் வருகிறது.

ஆகவே, நிபந்தனை மீறப்பட்டதா என்ற கேள்வியோடு நான் நிற்க மாட்டேன். அந்தத் தள்ளுபடி யார் பையிலிருந்து போகிறது? அந்தக் கோடில் யார் பெயர் இருக்கிறது? இவற்றைத்தான் கேட்பேன்.

பையை முதலில் பார்ப்போம். 1948இல் தொடங்கிய ராணுவக் கேன்டீன் அமைப்பு படையினருக்கும், முன்னாள் படையினருக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் உரியது. அங்கே விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், ஜி.எஸ்.டி. வரியில் பாதியை அரசு விட்டுக்கொடுப்பது. அதாவது அந்தச் சலுகையில் ஒரு பங்கு பொதுப் பணம். எல்லையில் நிற்பவனுக்கென்று விட்டுக்கொடுத்ததை, ஏ.சி. அறையில் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர் எடுத்துக்கொள்வதை எந்தக் கணக்கில் எழுதுவது? சுபேதார் மனமுவந்துதான் கொடுத்தார் என்பீர்கள். கொடுக்க அது அவருடைய பணம் அல்லவே.

தனியார் தள்ளுபடியில் அரசுப் பணம் இல்லைதான். ஆனால் அதெல்லாம் பெரிய கம்பெனியின் பணம் என்று நினைப்பது பெரும்பாலும் தப்புக் கணக்கு. 2019 ஆகஸ்டு மாதத்தை நினைவிருக்கிறதா? நம் பக்கத்திலுள்ள குருகிராமில் தொடங்கி, பல நகரங்களில் உணவகக்காரர்கள் கைபேசித் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து கூட்டமாக வெளியேறினார்கள். இந்திய தேசிய உணவகச் சங்கம் அதற்குத் துணை நின்றது. வாங்குகிறவர்கள் சந்தாவைச் செயலிக்குக் கட்டினார்கள். இலவசமாகப் போன தட்டின் செலவோ உணவகத்தின் தலையில் விழுந்தது. ஒருவர் வாங்கிய உறுப்பினர் சலுகையில் ஒரு பட்டாளமே சாப்பிட்டுவிட்டுப் போனால், முதலாளி என்று நாம் நினைக்கும் அந்த மனிதர் அடுப்பை எப்படி எரிப்பார்? இணையச் சந்தைகளிலும் பல தள்ளுபடிகளைச் சுமப்பவர் அங்கே சரக்கு போடும் சிறு வியாபாரிதான். திரையில் அவர் முகம் தெரிவதில்லை.

"முதல் முறை வாங்குவோருக்கு" என்ற கூப்பனுக்காக மனைவி எண், மாமனார் எண், பழைய சிம் என்று மாற்றி மாற்றிப் புதியவராகப் பிறப்பெடுப்பவர்களும் உண்டு. இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. சின்னப் பொய். அந்த ஆசையைத் தூண்டுவதே கடைக்காரர்தான்.

என்னை உண்மையில் உறுத்துவது இரண்டாவது கேள்வி. ஊழியர் கோடு என்பது செய்தித்தாளில் வந்த கூப்பனைப் போன்றதல்ல. ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியாக வருவது. அதைப் போட்டு யார் வாங்கினாலும் பில் அந்த ஊழியரின் பெயருக்கு எதிரே பதிவாகும். நம் பகுதியில் ஓர் இளைஞர், துணிக்கடைச் சங்கிலி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்தார். தீபாவளிக்கு முன்பு தெரிந்த மாமி ஒருவர், "கண்ணா, எனக்கு மட்டும்" என்று கேட்க, கோடை அனுப்பினார். மாமி மகளுக்கு அனுப்பினார், மகள் தன் குழுவுக்கு அனுப்பினாள். பத்து நாளில் நான்கு ஊர் முகவரிகளுக்குப் பட்டுப்புடவை போய்ச் சேர்ந்தது. கடை நிர்வாகம் அழைத்து விசாரித்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாங்கியவர்களுக்கு ஆளுக்குச் சில நூறு மிச்சம்!

நிர்வாகம் கடுமையாக நடந்துகொண்டது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பழியில் பெரும் பங்கு கேட்டவர்களுக்குத்தான். நம் வழக்கத்தில் வயதில் மூத்தவர் கேட்டால் இளையவர் "முடியாது" என்று சொல்வதில்லை. அதுவும் வேற்றூரில், வந்த புதிதில் சாப்பாடு போட்ட வீட்டாரிடம் எப்படிச் சொல்வார்? அந்தத் தயக்கம் தெரிந்தேதான் நாம் கேட்கிறோம். அதற்கு உரிமை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

நம் குழுக்களை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரரே விளம்பரம் செய்த கூப்பனைத் தாராளமாகப் போடுங்கள். கைபேசி பழக்கமில்லாத முதியவர்களுக்கு அதைப் போட்டும் கொடுங்கள், அது புண்ணியம். ஊழியர் கோடு வந்தால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். போட்டவரைக் குழுவில் வைத்துக் கண்டிக்க வேண்டாம், தனியே அழைத்துச் சொன்னால் போதும். மேலே சொன்ன இளைஞர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கணக்கும் கணினியும் நன்றாகத் தெரிந்தவர். உங்கள் அலுவலகத்தில் இடம் இருந்தால் சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள்.