முகம் யாருடைய சொத்து?



தெரு பொதுச்சொத்து; தெருவிலே நிற்பவரின் முகமும் பொதுச்சொத்தா?

1936-இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் திறந்தவெளி முகாமிலே, குழந்தைகள் தோளிற் சாய அமர்ந்திருந்த தாயொருத்தியைப் படமெடுத்தார் டொரோதியா லாங்கே. நாடே கண்டு கலங்கியது; அம்முகாமுக்கு உணவும் வந்தது. ஆனால் அவள் பெயரை அவர் கேட்டாரில்லை! 42 ஆண்டுகள் கழிந்து, 1978-இல், அத்தாய் மனம் கசந்து உரைத்தாள்: அப்படத்தால் ஒரு காசும் கிட்டவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று. படம் புகழ் பெற்றது, பசித்தவள் பெற்றதென்ன?

நம் நாட்டிலே, தெருவில் படமெடுப்பதை அடியோடு தடுக்கும் சட்டம் இல்லை. இருக்கவும் வேண்டா! ஓங்கிய தடியை ஊருக்குக் காட்டுவது படக்கருவியன்றோ? ஆயினும், 2017-இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றனர். பொது இடத்தில் நிற்பதனாலேயே அது பறிபோய்விடாதென்றும் அத்தீர்ப்பிலே எழுதப்பட்டது.

ஆகவே, அதிகாரத்தைப் படமெடுக்க அஞ்சாதீர்! ஏழையைப் படமெடுக்குமுன் கேளுங்கள். வெள்ளத்தில் வீடிழந்தவளுக்கு அரிசி வழங்குகையில், அவள் கண்ணீரையும் படம்பிடித்தால் அது உதவியா, வாணிபமா? அரிசிக்கு விலையாக அவள் முகத்தைக் கேளாதீர்!