வண்டி போனபின் டில்லிப் பயணமா?

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழுவில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். சேலை, வேட்டி ஏற்றிச் செல்ல வாடகைக் கொள்முதல் முறையில் எடுத்த வேன் ஒன்றை, தவணைகள் நிலுவையில் நின்றமையால், பணம் போட்ட நிறுவனத்தார் மீட்டுச் சென்றுவிட்டனர். சங்கம் தொடுத்த வழக்கு ஐகோர்ட்டிலும் தோற்றது. “சுப்ரீம் கோர்ட்டையும் பார்த்துவிடுவோம்” என்று அங்கத்தினர் பலர் ஆவேசமாகப் பேசினர். செலவைப் பொது நல நிதியில் எழுதத் தீர்மானமும் தயாராயிருந்தது. அந்நிதி இதற்கென ஏற்பட்டதன்று என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

டில்லிக்கு அப்பீல் செய்வது நமது உரிமை என்று பலர் எண்ணுகின்றனர்; அப்படியன்று. அரசியலமைப்பின் 136ஆவது விதிப்படி முதலில் அனுமதி கேட்க வேண்டும், கிடைத்தால்தான் அப்பீல். முற்காலத்தில், 20,000 ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள சிவில் வழக்கிற்கு, ஐகோர்ட்டின் சான்று பெற்று 133ஆவது விதிப்படி மேலே செல்ல வழி இருந்தது. 1973இல் அமலுக்கு வந்த திருத்தம் பண அளவை நீக்கிவிட்டது. பொதுமுக்கியத்துவமுடைய சட்டப் பிரச்சினை இருக்கிறதா, அதனைச் சுப்ரீம் கோர்ட்டே தீர்க்க வேண்டுமா என்பவையே அச்சான்றுக்கு இன்றுள்ள அளவுகோல். அனுமதி மனுவிலும் “எங்கள் வேன் போயிற்று” என்ற துயரம் மட்டும் போதாது. எத்தனையோ சங்கங்களுக்கும் தனியாருக்கும் பொருந்தும் கேள்வி ஒன்று நம் வழக்கில் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அத்தகைய கேள்வி இருந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2002இல் ஒருவர் 35 தவணைகளில் ஒரு ஜீப் எடுத்தார். 7 தவணைகளே கட்டினார். நிறுவனம் வண்டியை மீட்டது. நுகர்வோர் மன்றங்கள் மூன்றிலும் நிறுவனமே தோற்றது. பின்னர் அந்நிறுவனமே சுப்ரீம் கோர்ட்டை நாடியது. 2020 அக்டோபர் 1ஆம் தேதி வெளியான தீர்ப்பு, தவணை முழுதும் தீரும்வரை வண்டியின் சொந்தக்காரர் பணம் போட்டவரே என்றும், ஒப்பந்தப்படி மீட்பது குற்றமாகாது என்றும் கூறிற்று. ஆயினும் முறையான அறிவிப்புக் கொடாத குறைக்காக 15,000 ரூபாய் தரும்படி உத்தரவாயிற்று. ஒப்பந்தத்திலிருந்து கணக்கிட்டால் பதினெட்டு ஆண்டுகள்! சங்கத்தார் இத்தொகையையும் வக்கீல் கட்டணத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

ஆகவே நமது பலம் டில்லியில் இல்லை. கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. மீட்குமுன் அறிவிப்பு, எப்போது அறிவிப்பின்றி மீட்கலாம், விற்குமுன் கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி இட்ட நியதி. அடியாட்களை வைத்து வண்டி பிடிப்பதை 2007இல் சுப்ரீம் கோர்ட்டு வன்மையாகக் கண்டித்திருக்கிறது. இவற்றுள் ஏதேனும் மீறப்பட்டிருந்து, அது ஐகோர்ட்டில் எடுத்துரைக்கப்பட்டும் கவனிக்கப்படாமற் போயிருந்தால், அனுமதி கேட்பதை நானும் ஆதரிப்பேன். கோபத்திற்காகக் கேட்பதைத்தான் ஆதரிக்க இயலாது.

இன்னொன்று. அனுமதி மறுக்கப்பட்டால் ஊரில் தலைகுனிவு என்று காரியதரிசி அஞ்சினார். காரணம் கூறாமல் அனுமதி மறுப்பது, கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு சரியென்று சுப்ரீம் கோர்ட்டு முத்திரையிட்டதாகாது. 2000இல், கேரள அரசு ஒரு தரப்பாயிருந்த வழக்கில், இது தெளிவாக்கப்பட்டது. அவ்வாறு மறுத்த பின்னும், தக்க காரணம் இருப்பின், ஐகோர்ட்டிலேயே மறுபரிசீலனை கோரலாம்.

அனுமதி மனுவிற்குரிய கெடு, ஐகோர்ட்டுத் தீர்ப்பிலிருந்து 90 நாட்கள். அச்சங்கம் அதில் பாதிக்கு மேல் கூட்டங்களிலேயே கழித்துவிட்டிருந்தது. ஒப்பந்த நகலையும், அறிவிப்பு வந்த தபால் உறையையும், தவணை ரசீதுகளையும் தேடி எடுத்து வழக்கறிஞரிடம் காட்டும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொன்னேன். உறை மட்டும் இன்னும் அகப்படவில்லை என்று நேற்றுக் கடிதம் வந்தது.