துண்டுகள் பல இருக்கட்டும், தகவல் ஒன்றாக இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஓர் இணைய தளத்தைத் திறந்தால் முதலில் தலைப்பு வருகிறது. பிறகு படங்கள் வருகின்றன. ஓரத்தில் ஒரு சிறிய வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. சற்று நேரம் கழித்து அந்த இடத்தில் ஒரு பட்டியல் வந்து உட்காருகிறது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம். இன்றைய தளங்களில் பல இப்படித்தான் கட்டப்படுகின்றன.

தொடக்கத்தில் இணையப் பக்கம் முழுவதும் சர்வரிலேயே தயாராகி, மொத்தமாக உங்கள் பிரவுசருக்கு வந்து சேரும். 1999ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, பக்கத்தை மாற்றாமலேயே பின்னணியில் தகவலை மட்டும் கேட்டு வாங்கும் வசதியைத் தந்தது. 2004ல் வந்த ஜிமெயிலும், 2005ல் வந்த கூகுள் மேப்ஸும் இந்த வழியைப் பிரபலமாக்கின. 2013ல் பேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற புரோகிராம் தொகுப்பை அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டது. அதன் பிறகு, பக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாகக் கட்டுவது வழக்கமாகி விட்டது. இந்தத் துண்டுகளைக் காம்பொனென்ட் என்கிறார்கள். தேடல் கட்டம் ஒரு துண்டு, பட்டியல் ஒரு துண்டு, வரைபடம் ஒரு துண்டு.

இதில் வசதி உண்டு. ஒரு துண்டை மாற்ற முழுப் பக்கத்தையும் தொட வேண்டியதில்லை. ஆனால், ஒவ்வொரு துண்டும் தனக்கு வேண்டிய தகவலைத் தானே சர்வருக்குப் போய் வாங்கி வரும்படி விட்டால் என்ன ஆகும்? கல்யாண வீட்டில் ஐந்து பேர் ஒருவரையொருவர் கேட்காமல் கடைக்கு ஓடிய கதைதான். ஐந்து பேரும் உப்பு வாங்கி வருவார்கள். புளியை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. பேஸ்புக்கில் புதிய மெசேஜ் ஒன்று வந்திருப்பதாக எண் காட்டும். கிளிக் செய்து பார்த்தால் புதிதாக எதுவும் இருக்காது. எண்ணைக் காட்டும் துண்டும், மெசேஜைக் காட்டும் துண்டும் ஒரே கணக்கைப் பார்க்கவில்லை என்பதே காரணம். சரி செய்த பிறகும் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வந்தது என்பதை 2014ல் அந்நிறுவனத்தின் பொறியாளர்களே மேடையில் சொன்னார்கள். தகவல் ஒரே திசையில் ஓட வேண்டும் என்ற பிளக்ஸ் முறையை அப்போதுதான் அவர்கள் விளக்கினார்கள்.

மெசேஜ் எண் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. காரைக்காலில் இருப்பவர் ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்பும்போது நிலைமை வேறு. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால், அதைச் சுற்றி நிலப்பக்கம் இருப்பவை தமிழ்நாட்டின் மாவட்டங்கள். காரைக்காலின் பின்கோடு 609602. மயிலாடுதுறையின் பின்கோடு 609001. புதுச்சேரி நகரத்திற்கோ 605001. பின்கோடு என்பது தபால் பிரிப்பதற்காக 1972ல் வந்த ஏற்பாடு; மாநில எல்லையைச் சொல்வதற்காக வந்தது அல்ல. மாஹேயின் 673310 கோழிக்கோடு வரிசையிலும், ஏனாமின் 533464 ஆந்திரத்தின் கோதாவரி வரிசையிலும் இருப்பது இதனால்தான்.

இப்போது ஒரு படிவத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். 609 என்று டைப் செய்த உடனேயே மாநிலத் துண்டு "தமிழ்நாடு" என்று ஊகித்து விடுகிறது. மாவட்டத் துண்டு தமிழ்நாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குகிறது. அதில் காரைக்கால் இல்லை. நீங்கள் கையால் "புதுச்சேரி" என்று மாற்றுகிறீர்கள். மாவட்டத் துண்டு இரண்டாவது முறை சர்வரைக் கேட்கிறது. இணைப்பு மெதுவாக இருந்தால், முதலில் கேட்ட கேள்விக்கான பதில் கடைசியாக வந்து, சரியான பதிலின் மேல் உட்கார்ந்து கொள்ளும். மேலே புதுச்சேரி, கீழே நாகப்பட்டினம். பார்க்காமல் சமர்ப்பித்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பழி மட்டும் "சரியாக நிரப்பத் தெரியவில்லை" என்று உங்கள் மேல் விழும். இது நியாயமே இல்லை.

புயல் நேரத்தில் இதுவே ஆபத்தாகவும் மாறலாம். காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அதன் படங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் இரண்டு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் போய் விடும். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரு பக்கத்தில் எச்சரிக்கைத் துண்டு புதியதாகவும், படத் துண்டு இரண்டு மணி நேரம் பழையதாகவும் இருந்தால், பார்ப்பவர் எதை நம்புவார்?

வேகம் வேண்டும் என்பதற்காகவே முன்பு வாங்கிய தகவலைச் சேமித்து வைத்துக் காட்டுகிறோம் என்று புரோகிராமர்கள் சொல்வார்கள். அது சரியான முறைதான். தொடர்பு அறுந்த நேரத்தில் வெற்றுப் பக்கத்தை விடப் பழைய தகவல் மேல். ஆனால், பழையது என்று சொல்லிக் காட்ட வேண்டும். பழையதைப் புதியது போலக் காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

தளம் அமைப்பவர்களிடம், முக்கியமாக மக்கள் சேவைத் தளங்களை அமைப்பவர்களிடம், நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, ஒரே தகவலை ஓர் இடத்தில் மட்டும் வைத்து, எல்லாத் துண்டுகளும் அதையே பார்க்கட்டும். இரண்டு, புதிய கேள்வி போன பிறகு வரும் பழைய பதிலைத் தள்ளி விடட்டும். மூன்று, தகவல் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை எழுதட்டும். நான்கு, தகவல் வரவில்லை என்றால் "வரவில்லை" என்று சொல்லி, மீண்டும் முயல ஒரு பட்டன் தரட்டும். அதுவரை டைப் செய்ததை அழிக்காமல் வைத்திருக்கட்டும். இவற்றிற்கெல்லாம் தயார் நிலையில் புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மனம்தான் வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. வானிலைப் படத்தைப் பார்க்கும் முன் அதில் உள்ள நேரத்தைப் பாருங்கள். யுடிசி என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் கொள்ளுங்கள். படம் பழையது என்று தோன்றினால், கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எப்5 கீயைத் தட்டுங்கள். பிரவுசர் தன் சேமிப்பைத் தவிர்த்து சர்வரிடமே புதிதாகக் கேட்கும். பாதி நிரப்பிய படிவத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். டைப் செய்தது போய் விடலாம். படிவத்தில் முதலில் மாநிலம், பிறகு மாவட்டம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். வட்டம் சுற்றி முடியும் வரை பொறுத்திருங்கள். சமர்ப்பிக்கும் முன் முகவரி முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரு முறை படியுங்கள். தவறாக வந்தால் திரையைப் படம் பிடித்துத் தளத்தின் உதவி முகவரிக்கு அனுப்புங்கள். புகார் வராத தவறு, தவறாகவே அவர்கள் கணக்கில் ஏறாது.