எழுதியது நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நேரத்தில் "அது என்னுடைய கதை" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் கேட்பது தமிழ் சினிமாவில் பழகிப்போன விஷயம். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அந்தக் குரல் அடங்கிவிடும். சொல்பவர் உண்மையே சொன்னாலும் கையில் காட்ட ஒன்றும் இருப்பதில்லை.

2018-ல் வந்த ‘சர்கார்’ விஷயத்தில் அப்படி ஆகவில்லை. ஓர் உதவி இயக்குநர் 2007-லேயே ‘செங்கோல்’ என்ற பெயரில் தன் கதையை எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். படத்தின் இயக்குநர் தன் கதை வேறு என்று மறுத்தார். சங்கமோ இரண்டின் கருவும் ஒத்துப்போகிறது என்றது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு, படம் வெளிவரும் முன்பே சமரசத்தில் முடிந்தது. படத்தில் அவர் பெயருக்கு இடம் கிடைத்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால் அவரை யார் உட்கார வைத்துப் பேசியிருப்பார்கள்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பலர் ‘காப்புரிமை’ என்று சொல்வது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. அதைப் பதிவு செய்தால்தான் உண்டு. கதை, கவிதை, பாட்டு, ஓவியம், புகைப்படம் இவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. 1957-ஆம் வருடச் சட்டப்படி, எழுதி முடித்த கணமே அது எழுதியவருக்குச் சொந்தம். பதிவு கட்டாயமில்லை. எழுத்தாளர் காலமான பிறகும் 60 வருடம் அந்த உரிமை வாரிசுகளிடம் இருக்கும்.

அப்படியென்றால் பதிவு எதற்கு? நிலத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். தாத்தா காலத்திலிருந்து உழுதுகொண்டிருந்தாலும், தகராறு என்று வந்தால் தாசில்தார் கேட்பது காகிதத்தைத்தான். பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும். பொய் என்று நிரூபிக்கும் பாரம் எதிராளியின் தலையில் விழுகிறது. வசதியில்லாத எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறென்ன? முன்பெல்லாம் தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைப்பார்கள். பாவம், அந்த உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை.

இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அச்சில் வராத கையெழுத்துப் பிரதியையும் பதியலாம். டைரி எண் கொடுப்பார்கள். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்து, பிறகு பரிசீலிப்பார்கள். இரண்டு பேர் படம் பார்க்கும் செலவுதான். இதற்குக்கூட மனம் வராமல் "நம்ம கதையை யார் திருடப் போறாங்க" என்று இருப்பது வெறும் சோம்பேறித்தனம்.

பதிவு செய்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் ‘ஹம் இந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். அதை ஒரு திரைப்பட இயக்குநரிடம் சொல்லியும் காட்டினார். 1956-ல் ‘நியூ டெல்லி’ படம் வந்ததும் தன் நாடகம்தான் இது என்று வழக்குப் போட்டார். 1978-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்றது. ஆகவே ஒரு பக்கச் சுருக்கத்தைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயன் குறைவு. காட்சி, வசனம் என்று முழுதாக எழுதிப் பதிந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

கணக்குப் பதிவியல் பாடத்தில் பதிப்புரிமையைப் புலனாகாச் சொத்து என்று படிக்கிறோம். கம்பெனிகள் அதை ஐந்தொகையில் மதிப்புப் போட்டுக் காட்டுகின்றன. எழுதுகிறவர்களோ முன்பணம் வந்த சந்தோஷத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். உரிமையை எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான் என்று சட்டமே சொல்கிறது. ஒப்பந்தம் தயாரிக்கும் வக்கீலுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த இரண்டு இடத்தையும் அவர் காலியாக விடுவதே இல்லை.